கடலைத் தடுத்த அணையும் மலையைக் காத்த கானும்

நமது பாடசாலையில் தொண்ணூறுகளில் புவியியல் படித்தவர்கள் ஒல்லாந்து தேசத்துச் சிறுவனின் கதையை மறந்திருக்க மாட்டோம். கடலைத் தடுக்கும் அணைக்கரையில் சிறிய ஓட்டை விழுந்திருப்பதை ஒரு சிறுவன் காண்கிறான். தன் விரலால் அதை அடைத்துக்கொண்டு இரவு முழுதும் குளிரில் நின்று ஊரைக் காப்பாற்றுகிறான். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருக்க, ஆசிரியை குரலை உயர்த்தி இந்தக் கதையைச் சொன்னார். பின்வாங்கிலிருந்து ஒருத்தி எழுந்து, "டீச்சர், நம்ம ஊர்ல கடலே இல்லையே, இத நாம ஏன் படிக்கணும்?" என்று கேட்டாள். ஆசிரியை பதில் சொல்லவில்லை. மழை விட்டதும் எல்லோரையும் கட்டடத்தின் பின்புறம் அழைத்துச் சென்று, கானில் அடைத்துக் கிடந்த இலைகளையும் மண்ணையும் அள்ள வைத்தார். அதைத் தண்டனை என்றே நாம் நினைத்தோம்.

நூற்றாண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தரும்படி சங்கத்தினர் கேட்டபோது அந்தப் பாடந்தான் நினைவுக்கு வந்தது. அன்று கேட்கப்பட்ட கேள்விக்கு இத்தனை ஆண்டுகள் கழித்தாவது ஒரு பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

முதலில் கதையைப் பற்றிச் சொல்லிவிடுவோம். விரலால் அணையை அடைத்த சிறுவன் ஒல்லாந்தில் இருந்ததில்லை. அமெரிக்க எழுத்தாளரான மேரி மேப்ஸ் டொட்ஜ் 1865 இல் வெளியிட்ட ஒரு சிறுவர் நாவலின் மூலமே அக்கதை உலகெங்கும் பரவியது. அந்நாவலை எழுதியபோது அவர் அந்த நாட்டைப் பார்த்திருக்கவில்லை. ஒல்லாந்து அணைக்கரை செங்கற்சுவர் அன்று. மணலும் களிமண்ணும் குவித்து, மேலே புல் வளர்த்து எழுப்பிய அகன்ற மண்மேடு. அதில் நீர் ஊறிக் கரை இளகத் தொடங்கினால் ஒரு விரல் எதையும் செய்யாது.

உண்மையில் நடந்த ஒரு சம்பவம் உண்டு. 1953 பெப்ரவரி முதலாம் திகதி அதிகாலையில் வட கடலில் எழுந்த புயல், நெதர்லாந்தின் தென்மேற்குக் கரையை உடைத்தது. 1,836 பேர் இறந்தனர். சனிக்கிழமை இரவு வானொலி ஓய்ந்திருந்ததால் பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அந்த விடியலில் ஐசல் ஆற்றங்கரையில் ஓர் அணைக்கரை உடையத் தொடங்கியபோது, ஆரி எவகுரூன் என்ற படகோட்டி தன் சரக்குப் படகையே உடைப்புக்குக் குறுக்கே செலுத்தி நிறுத்தினார். வெள்ளத்தின் வேகம் தணிந்தது. ஊரார் மண்மூட்டைகளோடு ஓடிவந்து மிச்சத்தை அடைத்தனர். பின்னால் இருந்த தாழ்நிலத்தில் பெருந்தொகையான மக்கள் வாழ்ந்தனர். அவர்கள் தப்பினர். படகு ஒருவருடையது. ஆனால் மண்மூட்டையோடு ஓடிவர ஓர் ஊர் இருந்தபடியால்தான் அந்தப் படகால் பயன் விளைந்தது. இதையே நாம் இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறோம்.

நெதர்லாந்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழக் கால்பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அது எப்போதும் அப்படி இருக்கவில்லை. ரைன் முதலிய ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டலின் மேல், செத்தைகள் மட்கி உருவான சதுப்பு நிலம் அது. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உழவர்கள் கால்வாய் வெட்டி நீரை வடித்துப் பயிரிடத் தொடங்கினர். நீர் வடிந்த மட்கு நிலம் சுருங்கித் தாழும். தாழ்ந்தபின் மறுபடி நீர் தேங்கும். மறுபடி வடிக்க வேண்டும். மறுபடி தாழும். கரை கட்டினார்கள். காற்றாலை வைத்து இறைத்தார்கள். பின்னர் நீராவி இயந்திரம் வந்தது. 1852 இல் ஹார்லெம் அருகிலிருந்த பெரிய ஏரியையே இறைத்து வற்றச் செய்தனர். இன்று நம் பிள்ளைகள் ஐரோப்பாவுக்குப் போகும்போது இறங்கும் ஸ்கிபோல் விமான நிலையம் அந்த ஏரியின் அடித்தரையில்தான் இருக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய வேலை, நமது பாடசாலை தன் முதற் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்துக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது. நாட்டின் நடுவே புகுந்திருந்த தென்கடல் பெரும்பாலும் ஐந்து மீட்டருக்கும் குறைந்த ஆழமுடையது. ஆழமில்லாத கடலில் புயல்காற்று நீரைக் குவித்து ஒரு பக்கமாகத் தள்ளும்போது மட்டம் மிக உயரும். 1916 ஜனவரியில் அவ்வாறு வெள்ளம் வந்தபின், பொறியியலாளர் கொர்னேலிஸ் லேலி நீண்ட நாளாகச் சொல்லிவந்த திட்டத்துக்கு 1918 இல் சட்டம் இயற்றப்பட்டது. 32 கிலோமீட்டர் நீளமான அணை கடலின் வாயை 1932 மே 28 ஆம் திகதி மூடியது. கடல் நன்னீர் ஏரியாயிற்று. அதன் ஒரு பகுதியை இறைத்து எடுத்த நிலத்தில் இன்று ஒரு மாகாணமே இருக்கிறது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வாழ்கின்றனர்.

நீளத்தையும் உயரத்தையும் சொல்லி வியப்பது எளிது. அணை கட்டப்பட்டபின் அது நிற்பதற்கு என்ன காரணம் என்பதையும் பார்க்க வேண்டும். முயல் வளை தோண்டினாலும் கரை பலமிழக்கும். புல் கருகினாலும் பலமிழக்கும். ஒருவருடைய பகுதி பழுதானால் ஊர் முழுதும் மூழ்கும். ஆகவே பதின்மூன்றாம் நூற்றாண்டு முதலே அங்கு நீர்ச் சபைகள் உருவாயின. கரைக்குப் பின்னால் நிலம் வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் கரையில் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. அதைப் பேணுவது அவர் கடமை. சபை காலத்துக்குக் காலம் வந்து பார்வையிடும். பேண முடியாதவர் தன் மண்வெட்டியைக் கரையில் நட்டுவிட்டு நிலத்தை விட்டுப் போக வேண்டும். அந்த மண்வெட்டியைப் பிடுங்குகிறவருக்கு நிலமும் கடமையும் சேரும் என்பது பழைய வழக்கு. கடமை இருந்தபடியால் சபையில் குரலும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கே 2,600 நீர்ச் சபைகள் வரை இருந்தன. ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு இன்று 21 ஆகியுள்ளன. இன்றும் அவற்றுக்குத் தனி வரியும் தனித் தேர்தலும் உண்டு.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. பழைய சபைகளில் குரல் நிலமுடையவருக்கு மட்டுமே இருந்தது. சேற்றில் நின்று மண் சுமந்த கூலியாட்களுக்கு இல்லை. கூலியாட்களின் பேரப்பிள்ளைகளுக்கு வாக்கு வந்தது பிற்காலத்தில். தோட்டத்தில் பிறந்த நமக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும்.

இதே ஒல்லாந்தர் நம் தீவின் கரையோரங்களை 1658 முதல் 1796 வரை ஆண்டனர். நமது சப்ரகமுவ மலைகள் அப்போது பெரும்பாலும் கண்டி அரசின் கீழ் இருந்தன. கறுவாவையும் மற்றப் பொருட்களையும் ஏற்றிச்செல்ல ஒல்லாந்தர் கொழும்பிலிருந்து நீர்கொழும்பு வழியாகப் புத்தளம் வரை கால்வாய்களைச் சீரமைத்தனர். அவை இன்றும் ஒல்லாந்தர் கால்வாய் என்றே அழைக்கப்படுகின்றன. கொழும்புக்கு வடக்கே உள்ள முத்துராஜவெல ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலம். அயலார் ஆட்சிக்காலத்துக் கால்வாய்களின் வழியே உப்புநீர் ஏறி அவ்வயல்கள் கெட்டன. உப்பை வடிப்பதற்கென்று ஆங்கிலேயர் 1802 க்கும் 1804 க்கும் இடையில் ஹமில்டன் கால்வாயை வெட்டினர். வயல் மீளவில்லை. தம் நாட்டில் கடலை வென்றவர்கள் இங்கே ஏன் தவறினார்கள்? கால்வாயைக் கொண்டுவந்தார்கள், நீர்ச் சபையைக் கொண்டுவரவில்லை. கால்வாய் எங்கே போகவேண்டும் என்பதைக் கறுவா ஏற்றும் கொம்பனி தீர்மானித்தது. அந்த வயலில் நெல் விதைத்தவரிடம் யாரும் கேட்கவில்லை.

நம் நாட்டில் கடலைத் தடுக்கும் வேலை வடக்கே நடந்தது. யாழ்ப்பாணக் கடனீரேரிகளின் வாயில்களில் தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் கட்டப்பட்டன. மாரிமழையைத் தேக்கி, உப்பைக் கழுவி வெளியேற்றி, கிணறுகளுக்கு நன்னீர் ஊறச்செய்வதே நோக்கம். தென்கடலை மூடிய அதே எண்ணத்தின் சிறிய வடிவம் இது. யுத்த காலத்தில் கதவுகளைப் பேண ஆளில்லாமல் போனது. பலகைகள் உக்கின, உப்புநீர் திரும்பியது. அணை எந்த ஊரில் இருந்தாலும் பராமரிப்பு நின்ற நாளில் அதன் ஆயுள் முடியத் தொடங்குகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். சிவனொளிபாத மலையில் பிறக்கும் களுகங்கை, செங்குத்தாக இறங்கி இரத்தினபுரியை அடையும்போது திடீரெனச் சமநிலத்தில் விழுகிறது. வே கங்கையும் அங்கே வந்து சேர்கிறது. மலையில் வேகமாக வந்த நீர் பள்ளத்தில் மெதுவாகிறது. ஆகவே நகரத்துக்கு வெள்ளம் புதிதன்று. கடைக்காரர் சரக்கை மேல்தட்டுக்கு ஏற்றுவதும், பழைய வீடுகளில் வெள்ளம் வந்த ஆண்டைச் சுவரில் கோடிட்டு வைப்பதும் நாம் சிறுவயதில் கண்டவையே.

ஆனால் மேலே மலையில் வாழும் நமக்கு அணை எது? அது கான்தான். தேயிலை மலையிலும் இறப்பர் மலையிலும் சரிவுக்குக் குறுக்கே, சிறிதளவே சாய்வாக, வரிசை வரிசையாகக் கான் வெட்டுவார்கள். இடையிடையே மண்தடுப்பு விடுவார்கள். மழைநீர் ஒவ்வொரு தடுப்பிலும் நின்று, மண்ணை இறக்கிவிட்டு, நிரம்பி வழிந்து அடுத்ததற்குப் போகும். கடைசியில் கல் பதித்த பெரிய கானில் இறங்கி ஓடையைச் சேரும். ஓடும் நீரை நடக்க வைப்பதுதான் கானின் வேலை. நம் பாட்டன்மார் கொந்தரப்புக்குக் கான் வெட்டினார்கள். கான் வெட்டுகிறவர் மட்டம் பார்க்கக் கருவி கேட்டதில்லை. வெட்டிய கானில் ஒரு வாளி நீரை ஊற்றிப் பார்ப்பார். ஒவ்வொரு பருவமழைக்கு முன்னும் கானில் நிறைந்த மண்ணை அள்ளி மேலே போட வேண்டும். அள்ளாத கானில் நீர் தேங்கி மலைக்குள் இறங்கும். நீரைக் குடித்த மலை கனக்கும். பிடி தளரும். சரியும்.

கானை வெட்டியவர்களுக்கு எந்தச் சபையிலும் குரல் இருக்கவில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒப்பந்தத்தின்பின் நம் உறவினர் பலர் கப்பலேறினர். எஞ்சிய நாடற்றோர் அனைவருக்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது. இதற்கிடையில் எழுபதுகளில் தோட்டங்கள் அரசிடம் போயின. 1992 இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் போயிற்று. கை மாறிய ஒவ்வொரு தடவையும் கானை அள்ளும் ஆள்நாள்கள் குறைந்ததை நம் பெற்றோர் கண்ணால் கண்டனர். வாக்கு வந்தபின்னும் ஒரு குறை இருந்தது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின்படி தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவிட வழியில்லை என்றே கொள்ளப்பட்டது. லயத்துக்குப் பின்னால் இருந்த கான் தோட்டத்துக்கு உரியது. தோட்டம் அதைப் பார்க்காவிட்டால் பார்ப்பதற்கு யாரும் இல்லை. 2018 இல் செய்யப்பட்ட திருத்தந்தான் அந்தக் கதவைத் திறந்தது. ஒல்லாந்து உழவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் பெற்ற ஒன்றை, அதாவது தன் வீட்டுக்குப் பின்னால் உள்ள கரையைப் பற்றிச் சபையில் பேசும் உரிமையை, நாம் பெற்று இன்னும் அதிக காலமாகவில்லை.

இடைப்பட்ட காலத்தில் நடந்தவற்றை நாம் எல்லோரும் அறிவோம். 2003 மே 17 ஆம் திகதி வெள்ளமும் மண்சரிவும் இரத்தினபுரி மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயின. 2016 இல் அதே மே 17 ஆம் திகதி கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் நூறுக்கு மேல். அதே நாள் புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயமொன்றும் மண்ணுக்குள் போயிற்று. 2017 மே இறுதியில் மறுபடி வெள்ளம். நாட்டில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

வைத்தியசாலையில் பணிபுரியும் எங்களுக்கு வெள்ளம் வடியும் நாளில் ஆபத்து முடிவதில்லை. இரண்டாவது வாரத்தில் காய்ச்சற்காரர் வரத் தொடங்குவர். எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் கால் வெடிப்போடு நின்றவர்கள், மாணிக்கக் குழியில் இறங்கியவர்கள், வீட்டைக் கழுவிய தாய்மார். எலிக்காய்ச்சல் சப்ரகமுவவில் நிலைகொண்ட நோய். 2008 இல் நாடெங்கும் 7,000 க்கும் மேற்பட்டோர் எலிக்காய்ச்சல் சந்தேகத்தோடு அறிவிக்கப்பட்டனர். கெண்டைக்கால் தசை வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றோடு காய்ச்சல் வந்தால் தாமதியாமல் வந்து, "சேற்றில் நின்றேன்" என்ற அந்த ஒரு வார்த்தையை வைத்தியரிடம் சொல்லுங்கள். அந்த வார்த்தை கிடைத்தால் உரிய மருந்தை அன்றே தொடங்கலாம். அது கிடைக்காமல், சிறுநீரகம் பழுதான பின்னரே நோயை இன்னதென்று அறிந்த நாட்களும் எங்களுக்கு உண்டு. சேற்றில் இறங்குவதற்கு முன் தடுப்பு மருந்தைப் பொதுச் சுகாதார உத்தியோகத்தரிடம் கேட்டுப் பெறலாம் என்பதும் பலருக்குத் தெரியாது.

1953 க்குப் பிறகு ஒல்லாந்தர் என்ன செய்தனர் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த இரவில் பல கரைகள் கடல் மோதிய முன்பக்கத்தில் உடையவில்லை. மேலே வழிந்த நீர் யாரும் கவனியாத பின்பக்கச் சரிவை அரித்துத் தின்றது. கரைகள் உயரம் போதாதவை என்று யொஹான் வான் வேன் என்ற பொறியியலாளர் பல ஆண்டுகளாக எச்சரித்திருந்தார். அதன்பின் முகத்துவாரங்களை மூடும் பெருந்திட்டம் தொடங்கியது. கிழக்கு ஸ்கெல்ட் முகத்துவாரத்தை முற்றாக மூடுவதே முதல் எண்ணம். மீனவரும் சிப்பி வளர்ப்போரும் இயற்கை ஆர்வலரும் எதிர்த்தனர். அரசு செவிசாய்த்தது. 1986 இல் திறந்த அந்த அணையின் 62 கதவுகளும் சாதாரண நாளில் திறந்தே இருக்கும், புயலுக்கு மட்டும் மூடப்படும். 1995 இல் ஆறுகள் பெருகி இரண்டரை இலட்சம் பேர் வெளியேற நேர்ந்தபின், கரையை மேலும் உயர்த்துவதை மட்டும் நம்பாமல் ஆற்றுக்கு இடம் விட்டனர். நைமேகன் நகரின் எதிர்க்கரையில் அணையை 350 மீட்டர் பின்னுக்கு நகர்த்தினர். அதற்காக ஐம்பது வரையான வீடுகள் அகற்றப்பட்டன. உலகில் மிகத் திறமையாக அணை கட்டியவர்களே விலக வேண்டிய இடத்தில் விலகுகிறார்கள். விலகுகிறவருக்கு வேறு வீடும் கொடுக்கிறார்கள். சரிவு அபாயம் என்று நோட்டீஸ் ஒட்டப்பட்ட லயத்தில், போக இடமின்றி, மழை இரவுகளில் விழித்திருக்கும் குடும்பங்கள் நம் மாவட்டங்களில் இன்றும் உண்டு. அவர்களில் நம் மாணவிகளும் இருக்கிறார்கள்.

பழைய மாணவிகளாகிய நாம் செய்யக்கூடியவை சிறியவை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழிப்பாக இருக்கவும், 100 இல் ஆயத்தமாகவும், 150 இல் வெளியேறவும் சொல்கிறது. வானொலியில் வரும் இலக்கம் ஏதோ ஒரு தூரத்து நிலையத்தினது. மலைக்கு மலை மழை வேறுபடும். நூற்றாண்டு நினைவாகப் பாடசாலை முற்றத்தில் ஒரு மழைமானியை வைத்து, நாள்தோறும் காலையில் மாணவிகளே அளந்து பலகையில் எழுதினால், சுற்றியுள்ள தோட்டங்களுக்கு அது சொந்த இலக்கமாகும். நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரென ஊறும் கலங்கல் நீர், இறுகிப்போய்ச் சாத்த முடியாத கதவு ஆகியவை மலை நகர்வதன் அறிகுறிகள் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கலாம். பிரதேச சபையில் இப்போது நமக்குக் குரல் உண்டு. லயத்துக் கான்களின் பட்டியலோடு அங்கே போகலாம். நம்மில் ஆசிரியைகளும் சட்டத்தரணிகளும் கிராம உத்தியோகத்தர்களும் இருக்கிறோம். மனு எழுத நமக்குத் தெரியும்.

நம் ஊரில் கடல் இல்லையே என்று அன்று கேட்டவள் வேறு யாரும் அல்ல, இக்கட்டுரையை எழுதும் நாமேதான். ஆசிரியை இன்று நம்மோடு இல்லை. அவர் அள்ள வைத்த கான் இன்னும் பாடசாலைக் கட்டடத்தின் பின்னால் இருக்கிறது. நூற்றாண்டு விழாவுக்கு வரும்போது பார்த்தோம். பாதி மண் நிறைந்திருக்கிறது. அடுத்த பருவமழைக்கு முன் ஒரு சனிக்கிழமை, மம்பட்டியோடு வரக்கூடியவர்கள் சங்கச் செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள்.